அரக்குத் தட்டும் இணைய இசையும்

இசைத்தட்டில் கேட்பதே இசை, கைபேசியில் கேட்பது இசையன்று என்பர் நம் அன்பர் சிலர். அவர்தம் இசைப்பற்று போற்றத்தக்கதே. ஆயினும், வரலாற்றைப் புரட்டிப் பார்த்த நாம் வேறொரு முடிவுக்கு வந்துள்ளோம். அவ்வரலாற்றின் பெரும்பகுதி நாம் குடியேறி வாழும் இந்நகரிலேயே நிகழ்ந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலியை உருளையில் பதித்தார். 1887இல் எமில் பெர்லினர் அதனைத் தட்டில் பதிக்கும் முறையைக் கண்டார். 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர், அன்று கல்கத்தா எனப்பட்ட இம்மாநகருக்கு வந்து, கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியைப் பாடச் செய்தார். அந்நாளில் மின் ஒலிவாங்கி இல்லை. அகன்ற குழலின் வாயை நோக்கி உரத்துப் பாடுதல் வேண்டும். ஏறக்குறைய மூன்று நிமிடங்களில் பாட்டை முடித்து, இறுதியில் தம் பெயரை ஆங்கிலத்தில் கூறினார் அவ்வம்மையார். தட்டு வார்ப்போர் அடையாளம் காண்பதற்கே அவ்வேற்பாடு. ஏனெனில், இங்குப் பாடிய பாட்டு ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று, ஆங்கே தட்டாகிக் கப்பலேறித் திரும்பியது!

சியால்டா என்றால் நமக்கு இரயில் நிலையமே நினைவுக்கு வரும். 1908இல் இசைத்தட்டுத் தொழிற்சாலை எழுந்ததும் அங்கேதான். பின்னர் 1928இல் டம்டம் ஆலை தோன்றியது. தட்டுக்கு வேண்டிய அரக்கோ, சோட்டா நாகபுரி போன்ற காட்டுப் பகுதிகளில் சிறு பூச்சிகள் சுரப்பது. தட்டு விழுந்தால் உடையும். ஊசி ஓடுந்தோறும் தேயும். ஒரு மணி நேரம் விரித்துப் பாடத்தக்க இராகமும் மூன்று நிமிடத்துள் ஒடுங்க வேண்டியதாயிற்று. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தார் வெளியிட்ட வினைல் நெடுந்தட்டு, பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இடந்தந்தது. எனினும், தட்டும் பெட்டியும் வாங்க வசதியுடையோர்க்கே அவ்வின்பம் கிட்டிற்று. ஊரிலிருந்து துணிகளுக்கிடையே பொதிந்து கொணர்ந்த தட்டு, ஹௌராவில் இறங்கிப் பெட்டியைத் திறக்கையில் இரண்டாய்க் கிடந்த துயரைப் பெரியோர் கூறக் கேட்டுள்ளோம்.

இன்றோ, இரவுப் பணி முடித்துத் திரும்பும் ஊழியனும் முழுக் கச்சேரியைக் கைபேசியில் கேட்கிறான். இங்கேயே பிறந்து வளரும் நம் குழந்தைகளின் செவிக்குத் தமிழிசை நாள்தோறும் எட்டுகிறது. தட்டின் ஒலியில் தனிக் கனிவு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. பலர்க்கும் எட்டும் இசையே சிறந்தது என்பது நம் துணிபு.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இணைய இசை இரவல் பொருள். உரிமை ஒப்பந்தம் முடிந்தால் பாட்டும் மறையும். இணையத்தில் ஏறாத பழம்பாடல்கள் தட்டுகளிலேயே உறங்குகின்றன. ஆகவே கேட்பதற்கு இணையத்தைக் கொள்வோம். காப்பதற்குத் தட்டைப் போற்றுவோம். நம்மவர் வீட்டுப் பரண்களில் பழந்தட்டுகள் இருப்பின், அவற்றைப் பழம்பொருள் வண்டியில் ஏற்றிவிடாது சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டுகிறோம். உடையுமுன் அவற்றின் ஒலியைப் படியெடுத்துக் கொள்வது நம் கடன்.