திண்டிவனத்தில் கதவு தட்டப்பட்ட இரவு

இது கொஞ்சம் நீளமான பதிவு. கை வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் பக்கத்தில் பெரிய வியாதி என்றால் ஒன்று பாண்டிச்சேரி ஜிப்மர், இல்லாவிட்டால் வேலூர் சி.எம்.சி. என்பார்கள். அந்த வேலூர் ஆஸ்பத்திரி உருவாகக் காரணமான இரவு வேலூரில் வந்ததில்லை, நம் திண்டிவனத்தில் வந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு இதைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். ஞாபகம் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள்! பிரசவம், சாவு என்றெல்லாம் பத்து வயதுப் பிள்ளைகளிடம் விவரமாகப் பேச முடியாது என்பதால் பாதியை விட்டுவிட்டுத்தான் அப்போது சொன்னேன். இப்போது உங்களில் பலர் அம்மா, அப்பா ஆகிவிட்டீர்கள். முழுசாகச் சொல்லலாம்.

ஐடா ஸ்கட்டர் 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கட்டர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்த மிஷனரி டாக்டர். அந்தத் தாத்தாவின் பிள்ளைகள் தொடங்கியதுதான் ஆற்காடு மிஷன். ஐடாவின் அப்பா பெயரும் ஜான், அவரும் டாக்டர். ஐடா சின்னக் குழந்தையாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானி முழுவதும் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பஞ்சம். பசித்து வந்த பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுக்கும் வேலையை ஆறு, ஏழு வயதிலேயே அவர் செய்ய வேண்டியிருந்தது. பிறகு அமெரிக்காவில் படித்தபோது இந்த ஊருக்கே இனி வரக்கூடாது, மிஷனரி வேலை தனக்கு வேண்டவே வேண்டாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அந்தக் குழந்தை பார்த்ததையெல்லாம் நினைத்தால் அதில் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

1890-இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் போனது. அப்போது பெற்றோர் இருந்தது திண்டிவனத்தில். நம் ஊர்களெல்லாம் அன்றைக்குத் தென்னாற்காடு மாவட்டம் (விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல்தான்). அம்மாவைப் பார்த்துக்கொள்ள மட்டும் வந்த பெண் அவர். உடம்பு தேறியதும் திரும்பிப் போய்விடலாம் என்ற எண்ணத்தோடு இருந்தார்.

அந்த நாட்களில் ஓர் இரவு ஒரு பிராமண இளைஞர் கதவைத் தட்டினார். அவருடைய மனைவி சின்னப் பெண், பிரசவ வேதனையில் கிடக்கிறாள், மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். நீங்கள் வாருங்கள் என்று ஐடாவைக் கூப்பிட்டார். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்ப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அவருக்கும் அதே அவசரம், ஐடா சொன்னதற்கு அதே பதில். மூன்றாவதாக இன்னொரு உயர்சாதி இந்து வந்தார். அவரும் அப்படியே திரும்பிப் போனார். விடிந்தபோது தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்துபோன செய்தி வந்தது.

இந்தக் கதையைக் கூட்டங்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மூன்று ஆண்களை மூடர்கள் என்பதுபோல் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நடு ராத்திரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் கதவை மனைவிக்காகத் தட்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கும் மனசு பதைத்திருக்கும். அந்த நாளில் அமெரிக்காவிலும் பெரிய மருத்துவக் கல்லூரிகள் பல பெண்களைச் சேர்க்காமல் கதவை மூடித்தான் வைத்திருந்தன. இன்னொன்றும் உண்டு. அந்த மூன்று பெண்களின் பெயரை நான் படித்த எதிலும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி கட்டியவர் பெயர் தெரிகிறது, பணம் கொடுத்தவர் பெயர் தெரிகிறது, செத்துப்போனவர்கள் பெயர் தெரியவில்லை.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். பெயர் வேண்டாம். இந்த வருஷம் மனைவியை இழந்தவர். "டீச்சர், ஜெபம் பண்ணு, ஆறுதல் கிடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குக் கோபம்தான் வருது" என்றார். அதற்குப் பிறகுதான் திண்டிவனத்துக் கதையை மறுபடியும் யோசித்தேன்.

அன்றைக்கு ஐடா அறைக்குள் போய் நீண்ட நேரம் ஜெபம் செய்தார் என்கிறார்கள். வெளியே வந்து பெற்றோரிடம் சொன்னது, நான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வருகிறேன் என்பதுதான். இதில் ஒன்றைக் கவனியுங்கள். "கர்த்தர் சித்தம், எடுத்துக்கொண்டார்" என்று சாவு வீட்டில் நாம் சொல்கிறோமே, அப்படி அவர் மனசைச் சமாதானப்படுத்திக்கொள்ளவில்லை. மூன்று பேர் செத்தது சரியில்லை என்ற எண்ணத்தை ஜெபத்துக்குள்ளேயும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்களும் ஏழு நாள் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்ததும்தான் எல்லாம் கெட்டது. அதனால் அந்த மாணவரிடம், கோபத்தோடேயே ஜெபம் பண்ணப்பா, அதில் தப்பில்லை என்றேன்.

தமிழ் வாத்தியார் புத்தி போகவில்லை, ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் தமிழ் வேதாகமத்தில் பரிசுத்த ஆவியானவருக்குத் தேற்றரவாளன் என்று ஒரு பெயர். மூலமான கிரேக்கச் சொல்லுக்குப் பக்கத்தில் துணையாக அழைக்கப்பட்டவர் என்று அர்த்தம் சொல்வார்கள். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் 'தேற்று' என்பதை எடுத்துக்கொண்டார்கள். தேறு, தேற்று என்றால் தெளிவது, தெளிய வைப்பது. கிராமத்தில் பாட்டிமார் கலங்கல் தண்ணீர்ப் பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை இழைப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? சேறு மாயமாக மறைந்துபோகாது. அடியில் போய்ப் படியும், மேலே இருக்கும் தண்ணீரைக் குடிக்கலாம். நோயிலிருந்து தேறுவதும் பரீட்சையில் தேறுவதும் அதே சொல்தான்.

ஐடா 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் தேறினார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் வகுப்பு அது. 1900 தொடக்கத்தில் வேலூர் வந்தார். அப்பாவோடு சேர்ந்து வேலை செய்யலாம் என்று வந்தவருக்குச் சில மாதங்களிலேயே அப்பாவின் சாவு காத்திருந்தது. அனுபவமில்லாத புது டாக்டர், துக்க வீடு. வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1902-இல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி வந்தது. அதுகூட மனைவியை இழந்த ஷெல் என்ற அமெரிக்கர், மனைவி நினைவாகக் கொடுத்த பணத்தில் கட்டியது. 1909-இல் நர்ஸ் பயிற்சி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1922-இல் முதல் அணியாக 14 பெண்கள் டாக்டராகி வெளியே வந்தார்கள். கூப்பிட்டால் உள்ளே வரக்கூடிய பெண் டாக்டர்கள்! 1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா இறந்தபோது அவருக்கு 89 வயது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும், மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்து வேலூரில் படித்த இளம் டாக்டர். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளாகி முதுகெலும்பு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. தன்னை ஏன் கடவுள் பிழைக்க வைத்தார் என்று அவரும் அழுதிருக்கிறார். டாக்டர் பால் பிராண்டின் தூண்டுதலில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்யக் கற்றுக்கொண்டார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. அவர் கால் கடைசிவரை திரும்பி வரவில்லை. விசுவாசம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இதை நான் புத்தகம் பார்த்து மட்டும் எழுதவில்லை. என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் ஜங்ஷனில் காட்பாடி ரயில் ஏறி, திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர் என்று ஒன்றரை வருஷம் வேலூருக்குப் போய் வந்தேன். அவர் பிழைக்கவில்லை. டாக்டர்கள் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் சிற்றாலயத்தில் போய் உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை. சின்ன வயசிலிருந்து மனப்பாடமாக இருந்த சங்கீதம்கூட ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் ஒரு வங்காளத்து அம்மா முக்காடு போட்டு அழுதுகொண்டிருந்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். அப்புறம் எழுந்து போய் அவருக்கு மருந்து வாங்கி, கேன்டீனில் இட்லி வாங்கி, நானும் சாப்பிட்டேன். இரண்டு நாளாக நான் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

என் மாணவிகள் இரண்டு பேர் வேலூரில் நர்ஸ் படித்து இப்போது அங்கேயே வேலை பார்க்கிறார்கள். இந்தப் பதிவைப் பார்த்தால் கமெண்டில் எழுதுங்கம்மா, உங்களோடு படித்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும். திண்டிவனத்தில் வால்டர் ஸ்கட்டர் பள்ளியில் படித்தவர்களும் இருப்பீர்கள். உங்கள் பள்ளிப் பெயரில் இருக்கும் ஸ்கட்டர் இந்தக் குடும்பம்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தக் காலத்து மிஷன் பங்களாவைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள். முக்கியமாக, அந்த மூன்று பெண்கள் எந்தத் தெரு, யார் வீடு என்று யாராவது கேள்விப்பட்டிருந்தால்.