வேட்டுவர் இல்லமும் கருவி காத்த முறையும்

மனிதன் கருவிகளைச் செய்த வரலாற்றை நாம் பெரிதும் போற்றிப் பேசுகிறோம். அவற்றை அவன் காத்து வைத்த வரலாற்றை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. வில்லேந்திக் காடு சென்றவன் மாலையில் வீடு திரும்பிய பின்னர், அவ்வில்லை எங்கே வைப்பது என்னும் வினா அவன்முன் நின்றது. மழைச்சாரலும் ஈரமும், செல்லும் வண்டும், தவழும் குழந்தையும் உள்ள சிறு குடிலில் கூரிய கருவியையும் கொடிய நஞ்சையும் எவ்வாறு வைப்பது? இவ்வினாவுக்கு வேட்டுவ மக்கள் கண்ட விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மாணவர்க்கு இவ்விடையின் ஒரு பகுதி இலக்கியத்திலேயே கிடைக்கிறது. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியதாகும். பாணனுக்கு வழி கூறும் புலவர், இடையில் எயினர் குடியிருப்பைக் காட்டுகிறார். ஈந்தின் ஓலையால் வேய்ந்த குடில்கள் அங்கே உள்ளன. வேல்கள் கேடயங்களோடு வரிசையாக நிறுத்தப்பட்டுள்ளன. விற்கள் சார்த்தி வைக்கப்பட்டுள்ளன. அம்புகளோ உறங்குவதாகப் பொருள்படும் சொல்லால் குறிக்கப்படுகின்றன. பந்தலில் அம்புக்கட்டுகள் தேன்கூடு போலத் தொங்குகின்றன. அவற்றோடு துடியும் தொங்குகிறது. வேலுக்கு ஓரிடம், வில்லுக்கு ஓரிடம், அம்புக்கு ஓரிடம் என்னும் ஒழுங்கு அவ்வீட்டில் இருந்தது. புலவர் இதனை அழகுக்காகப் பாடியிருக்கலாம். எனினும், தரையைத் தொடாத அம்பைச் செல் அரிப்பதில்லை என்னும் உண்மையும் அதனுள் அடங்கியிருப்பதை நாம் உணர வேண்டும்.

எயினர் வீட்டை இன்று நாம் ஏட்டில்தான் காண இயலும். ஆயினும், வேட்டையோடு ஒன்றிய ஓர் இல்லம் எவ்வாறு இயங்கியது என்பதை அறியக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடியினரான ஓராங் அஸ்லி மக்களின் வாழ்வே அதற்குச் சான்றாக அமைகிறது. அவர்கள் நெகிரித்தோ, செனோய், மூத்த மலாயர் என மூன்று பெரும் பிரிவினராகவும், அவற்றுள் 18 குழுவினராகவும் வகுக்கப்படுகின்றனர். செனோய்ப் பிரிவைச் சேர்ந்த தெமியாரும் செமாயும் பேராக், கிளந்தான், பகாங் மாநிலங்களின் மலைக்காடுகளில் நெடுங்காலம் வாழ்ந்து வருவோர். எயினருக்கும் இவர்களுக்கும் உறவு உண்டெனக் கூறுவது நம் கருத்தன்று. இருவர்க்கும் இருந்த தேவை ஒன்று என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

தெமியார், செமாய் மக்களின் தலையாய வேட்டைக் கருவி ஊதுகுழலாகும். மலாய் மொழியில் இது சும்பித்தான் எனப்படும். உயர்ந்த மலைச்சரிவில் வளரும் ஒருவகை மூங்கிலே இதற்கு ஏற்றது. அம்மூங்கிலின் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரை அமைவதுண்டு. இடையில் கணுவின்றி நேரான துளை கிடைப்பதால் அதனைத் தேடி நெடுந்தொலைவு செல்வர். மெல்லிய உட்குழலை வலிய வெளிக்குழல் ஒன்றினுள் செருகி, வாய் வைத்து ஊதுமிடத்தில் குமிழ் போன்ற பகுதியைப் பொருத்துவர். வெளிக்குழலில் நுண்ணிய கோலங்களைக் கீறி அழகு செய்வர்.

குழலினுள் இடும் அம்பு, பெர்த்தாம் என்னும் பனை இனத்தின் மட்டையிலிருந்து சீவி எடுக்கப்படுவது. பின்னற்கம்பி அளவே பருமனுள்ள அதன் அடியில் நெட்டி போன்ற மெல்லிய தக்கை பொருத்தப்பட்டிருக்கும். நுனியிலே ஈப்போ மரத்தின் பாலிலிருந்து எடுத்த நஞ்சு பூசப்படும். ஈப்போ நகரம் இம்மரத்தாலேயே அப்பெயர் பெற்றது என்பதை மாணவர் அறிந்திருக்கலாம். ஆனால், அம்மரத்தின் பட்டையில் சாய்வாகக் கோடு கீறி, வடியும் பாலை மூங்கிற் குழாயில் ஏந்துவர் என்பதைப் பலர் அறியார். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மார் இதனைக் கண்டிருப்பின், தம் தொழிலுக்கு ஒரு மூத்த உறவு காட்டினுள் இருப்பதாக வியந்திருப்பர். அந்தப் பாலை நெருப்பில் காய்ச்சி இறுகச் செய்வர். அது குருதியில் கலந்தால் நெஞ்சின் இயக்கத்தை நிறுத்தவல்லது.

இத்தகைய கருவியை வீட்டில் வைப்பது எளிய செயலன்று. மூங்கிலுக்குப் பகை மூன்று. ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். வண்டு புகுந்தால் உளுத்துப் போகும். தாங்கலின்றிக் கிடந்தால் வளையும். குழல் சிறிதே வளைந்தாலும் அம்பு குறி தவறும். எனவே, வீட்டிற்குள் வந்ததும் குழலைத் தரையில் போடாமல் கூரையின் கீழே தாங்கல் கொடுத்து வைப்பர். அல்லது நிமிர்த்தி நிறுத்துவர். அவர்தம் வீடு கால்நாட்டி உயர்த்திய மூங்கில் வீடு. அதன் உள்ளேயே மண்ணிட்டு அமைத்த அடுப்பு எரியும். அவ்வடுப்பின் வெம்மையும் புகையும் மேலெழுந்து, கூரையடியில் உள்ள பொருள்களை உலர்த்தும்; பூச்சிகளை விரட்டும். உணவு சமைக்கும் நெருப்பே கருவியைக் காக்கும் காவலனாகவும் விளங்கியது. அடுப்புக்கு மேலே பரண் கட்டி, விதைக்கு வைத்த கதிர்களைப் புகையில் காத்த தமிழ் உழவர் வீட்டை இங்கு ஒப்புநோக்கலாம்.

அம்புகளைக் காக்கும் முறை இதனினும் நுட்பமானது. மூங்கிலால் ஆன அம்பறாத் தூணி ஒன்று உண்டு. அதனுள் மெல்லிய நாணற்குழாய்கள் பலவற்றை ஒன்றோடொன்று பிணைத்துப் பாய்போல் சுருட்டி வைத்திருப்பர். ஒவ்வொரு குழாயிலும் ஓரம்பு தனித்து நிற்கும். அதனால் நஞ்சு பூசிய நுனிகள் ஒன்றோடொன்று உரசுவதில்லை, பூச்சு உதிர்வதில்லை, எடுப்பவன் கையிலும் குத்துவதில்லை. குழலில் அம்பின் பின்னே அடைப்பதற்குரிய பஞ்சு போன்ற தூளையும் தூணியிலேயே வைத்துக்கொள்வர். பிரம்பாலோ தாழை இன ஓலையாலோ முடைந்த மூடி மழையைத் தடுக்கும். வேட்டைக்குச் செல்கையில் இடுப்பில் கட்டும் அதே தூணி, வீட்டில் தொங்கும் பெட்டகமாகவும் அமைகிறது. ஒரே பொருள் பயணத்திற்கும் சேமிப்பிற்கும் பயன்படுமாறு அமைத்த அறிவு வியக்கத்தக்கதாகும்.

உயரத்தில் தொங்கவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நஞ்சுள்ள அம்பு சிறுவர் கைக்கு எட்டலாகாது. அதே வேளையில், சிறுவர் அக்கலையை அறியாமல் வளர்தலும் ஆகாது. ஆகவே, அவர்களுக்குச் சிறிய ஊதுகுழல்களைச் செய்து கொடுத்து, நஞ்சில்லாத அம்புகளால் பழகச் செய்தனர். மேலே தொங்கும் கருவியைத் தொட ஒருவனுக்குத் தகுதி வரும்வரை கீழே உள்ள சிறுகருவி அவனுக்கு ஆசானாக இருந்தது. வீட்டின் மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒரு பள்ளியின் மேல்வகுப்பும் கீழ்வகுப்புமாக விளங்கின எனலாம்.

இக்கருவிகள் வெளியுலகின் கண்ணில் பட்ட வரலாறு தனியே அறியத்தக்கது. 1883இல் தைப்பிங்கில் பேராக் அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. அதனைத் தொடக்க காலத்தில் நடத்திய லியோனார்ட் ரே என்பாரின் பெயர், ஊதுகுழல் மூங்கிலின் தாவரவியற் பெயரிலேயே இடம்பெற்றுள்ளது. 1906இல் ஸ்கீட், பிளாக்டன் ஆகிய இருவரும் தீபகற்பப் பழங்குடியினரைப் பற்றி இரு பெருந்தொகுதிகளை இலண்டனில் வெளியிட்டனர். 1936இல் நூன் என்பார் தெமியாரின் குடியிருப்புகளைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை அளித்தார். இவர்தம் உழைப்பால் நமக்குப் பல செய்திகள் கிடைத்துள்ளன. ஆயினும், கண்ணாடிப் பேழைக்குள் சென்ற ஊதுகுழல், அடுப்பையும் புகையையும் கூரையையும் விட்டுப் பிரிந்தே சென்றது.

அப்பிரிவு பின்னர் மக்கள் வீடுகளிலேயே நேர்ந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின் தொடக்கத்தில், காட்டில் வாழ்ந்தோர் பலர் வேலியிட்ட முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். பழகாத வெப்பத்தாலும் நோயாலும் துயராலும் பலர் மாண்டனர். 1970களில் பேராக்கில் தெமெங்கோர் அணை கட்டப்பட்டபோது, தெமியார், ஜஹாய் மக்களின் பழைய ஊர்கள் பல நீரில் மூழ்கின. மறுகுடியமர்வுத் திட்டங்களில் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீடுகள் எழுந்தன. பள்ளியும் மருத்துவமும் அணுகத்தக்கவையாக ஆயின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அத்தகைய வீட்டின் நடுவே மூங்கிலை உலர்த்தும் அடுப்பு எரிவதில்லை. வைக்க இடமின்றிப் போன கருவி விரைவில் கெடும். கெட்ட கருவியைப் புதிதாகச் செய்ய மலைமூங்கிலும் ஈப்போ மரமும் அண்மையில் இருக்க வேண்டும். காடு சுருங்கச் சுருங்க அவையும் தொலைவாகின்றன. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட சில விலங்குகளைத் தம் உணவுக்காக வேட்டையாட ஓராங் அஸ்லி மக்களுக்கு இடமளிக்கிறது. சட்டம் தரும் உரிமை பயன்பட வேண்டுமாயின், காடும் கருவியும் அதனைக் காக்கும் அறிவும் உடன் இருத்தல் வேண்டுமன்றோ?

ஒரு கருவியின் வரலாறு அதன் நீளத்தையும் எடையையும் குறிப்பதோடு முடிவதில்லை. அஃது எங்கே வைக்கப்பட்டது, யார் எடுத்தனர், யார் எடுக்கலாகாது, எதனால் அது கெடாமல் நின்றது என்பனவும் வரலாறே. எயினர் வீட்டின் ஒழுங்கைப் புலவர் ஒருவர் சில அடிகளில் பதிவு செய்ததனால் இன்று நாம் அதனை அறிகிறோம். அவர் பாடாது விட்டிருப்பின், அம்புகள் தொங்கிய அப்பந்தலை நாம் எங்ஙனம் அறிவோம்?

ஆதலின், ஆசிரியப் பெருமக்கள் பெரும்பாணாற்றுப்படையைக் கற்பிக்கும்போது, இந்நாட்டு ஊதுகுழலையும் மாணவர்க்கு நினைவூட்டலாம். மாணவர்களை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும்போது, இது வீட்டில் எங்கே இருந்தது என்னும் வினாவை எழுப்பச் செய்யலாம். ஓராங் அஸ்லி மாணவர் உடன் பயிலும் இடங்களில், அவர்தம் பெரியோரிடம் கேட்டறிந்து எழுதப் பழக்கலாம். அவ்வாறே, நம் தோட்டப்புறத்து வீடுகளில் பால்வெட்டும் கத்தியும் அதனைத் தீட்டிய கல்லும் வாளியும் எங்கெங்கே வைக்கப்பட்டன என்பதை நம் முதியோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். சொல்லத் தெரிந்தோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.