அணிலுக்கு எத்தனை கோடு?

போன மாசம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ரொம்ப நாளா ஆசைப்பட்ட ஒரு சாமானை வாங்கிட்டேன். காட்டுல புலி கணக்கெடுக்க மரத்துல கட்டி வைப்பாங்களே, அந்தத் தானியங்கிக் கேமரா. தில்லியில தரைத்தள வீடு, பின்னாடி ஒரு துண்டு மண்ணு, ஒரே ஒரு கொய்யா மரம். இங்க எங்கய்யா புலின்னு கேக்காதீங்க. அணில் இருக்கே!

முதல்ல ஜன்னல் உயரத்துல கட்டினேன். விழுந்த படம் அத்தனையும் முதுகுதான். "பல்லி மாதிரி இருக்குங்க"ன்னு தங்கமணி சான்றிதழ் குடுத்துட்டாங்க. அப்புறம் ரெண்டு செங்கல்லுக்கு நடுவுல தரையோட தரையா வச்சு, முன்னாடி நாலு வேர்க்கடலை போட்டேன். மறுநாள் பாத்தா, அணில் நம்ம கண்ணுக்கு நேரா உக்காந்து கடலை தின்னுது. பக்கத்துல இருந்த எட்டு வயசு மக விரல் வச்சு எண்ணினா.

"அப்பா, மூணு இல்ல, அஞ்சு கோடு. ஆச்சி சொன்னது பொய்யா?"

ஆச்சி சொன்னது நமக்கெல்லாம் தெரிஞ்ச கதைதான். பாலம் கட்ட மணல் சுமந்த அணிலை ராமர் மூணு விரலால தடவிக் குடுத்த கதை. அதுல தப்பில்லை. நம்ம ஊர் அணிலுக்கு மூணு கோடுதான். வடக்க இருக்கிறது வேற இனம், அதுக்கு அஞ்சு. நடுவுல இருக்கிற மூணும் பளிச்சுன்னு தெரியும். மத்த ரெண்டும் விலாப்பக்கம் மங்கலா ஓடும், மேல நின்னு பாத்தா கண்ணுல படாது. நான் தில்லிக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. இத்தனை நாளும் மேல நின்னுதான் பாத்திருக்கேன் :-(

கோட்டை எண்ணி மிருகத்தை அடையாளம் கண்டுபிடிக்கிறது புதுசு இல்லை. அதுக்கு நூறு வருஷக் கதை உண்டு. கொசுவத்தியைக் கொஞ்சம் பெருசாவே சுத்துறேன், பொறுத்துக்கோங்க.

அமெரிக்காவுல ஜார்ஜ் ஷைராஸ்னு ஒருத்தர். வக்கீல், கொஞ்ச காலம் நாடாளுமன்ற உறுப்பினராவும் இருந்தவர். துப்பாக்கியை வச்சுட்டுக் கேமராவைத் தூக்கினார். மிச்சிகன் மாநிலத்துல ஒரு ஏரிக்கரையில கேமராவை வச்சு, அதுல இருந்து ஒரு கயிறை இழுத்துக் கட்டுவார். ராத்திரி மிருகம் வந்து கயிறை இழுத்தா மக்னீசியப் பொடி 'பப்'புனு எரியும், படம் விழும். மிருகம் தன்னைத் தானே படம் எடுத்துக்கும்! 1906 ஜூலையில நேஷனல் ஜியாகரஃபிக் இதழ் அவரோட 74 படங்களைப் போட்டது. இது அறிவியல் பத்திரிகையா, படப் புத்தகமான்னு கோவிச்சுக்கிட்டு அந்தச் சங்கத்தோட நிர்வாகக் குழுவுல ரெண்டு பேர் ராஜினாமா பண்ணிட்டாங்க. இன்னிக்கு அந்தப் பத்திரிகைன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது படம்தான்.

நம்ம நாட்டுல இதைச் செஞ்சவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்துல, அதாவது இன்னிக்கு உத்தரப் பிரதேசமும் உத்தராகண்டுமா இருக்கிற பகுதியில, வனத்துறை அதிகாரி. வெள்ளைக்கார துரைகள் செத்த புலி மேல கால் வச்சுப் படம் எடுத்துக்கிட்டிருந்த காலம் அது. இவர் சிவாலிக் காட்டுப் பாதையில கம்பி கட்டி, உயிரோட நடக்கிற புலியைப் படம் பிடிச்சார். 1927ல அந்தப் படங்களோட புத்தகம் வந்தது. படங்களை வரிசையா வச்சுப் பாத்தப்ப அவருக்கு ஒண்ணு புரிஞ்சது. ஒரு புலியோட கோடு இன்னொண்ணுக்கு இல்லை. எந்தப் புலி எதுன்னு கோட்டை வச்சே சொல்லிடலாம்.

அதுக்கு ரொம்பக் காலம் கழிச்சு, 1990கள்ல, கர்நாடகா நாகரஹொளெ காட்டுல உல்லாஸ் கரந்த் அதையே கணக்கா மாத்தினார். அதுவரைக்கும் பாதத் தடத்தை வச்சுத்தான் எண்ணிக்கிட்டிருந்தாங்க. ஒரே புலியை ரெண்டு தடவை எண்ணிடலாம், எண்ணாமலும் விட்டுடலாம். கேமராவுல எத்தனை புலி திரும்பத் திரும்ப விழுது, எத்தனை புதுசுன்னு பாத்து, விழாத புலி எத்தனை இருக்கும்னு கணிக்கிற முறையை 1995ல ஆய்வுக் கட்டுரையா எழுதினார்.

2018-19 தேசியக் கணக்கெடுப்புல 26,838 இடத்துல கேமரா வச்சாங்க. விழுந்த படம் 3,48,58,623. அதுல புலி இருந்தது 76,651. கோட்டை ஒப்பிட்டுப் பாத்தா 2,461 தனித்தனிப் புலி. கின்னஸ்ல ஏறிடுச்சு. "புலிக்கு ஆதார் கார்டு"ன்னா மக. சரியான பேச்சு :-)

இப்ப கயிறும் வேண்டாம், பொடியும் வேண்டாம். சுத்துப்புறத்தை விட வேற சூட்டுல ஏதாவது நகர்ந்தா, உள்ள இருக்கிற உணரி கேமராவைத் தட்டி எழுப்பும். தில்லி மே மாச வெயில்ல சுவரும் அணிலும் ஏறக்குறைய ஒரே சூடு ஆயிடுறதால அது திணறும். காலையில ஏழு மணிக்குள்ள வச்சா நல்லா விழும்.

எங்க திருநெல்வேலியில பிறந்த மா. கிருஷ்ணனையும் சொல்லணும். மெட்ராஸ்ல இருந்துக்கிட்டு 1950ல இருந்து 1996ல காலமாகிற வரைக்கும் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன்ல எழுதினார். யானைப் படத்துக்குப் பேர் போனவர்தான், ஆனா காக்கா, அணிலையும் அதே மரியாதையோட எழுதினார். பாக்கிற கண்ணு இருந்தா எந்த ஊர்லயும் பாக்கலாம்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது அவர் எழுத்து.

ராத்திரி ஊருக்கு போன் போட்டு அம்மாகிட்ட அஞ்சு கோட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எய்யா, அணிலு வந்துச்சா போச்சான்னு கேமரா வச்சுப் பாக்கியே, நல்லாருக்கு. இங்க வந்து மூணு வருசமாச்சு. பிள்ளைய கூட்டிட்டு வா. நம்ம புறவாசல்லயும் அணிலு இருக்கு, அவளே எண்ணிப் பாக்கட்டும்."

பதில் சொல்ல வாய் வரலை. மறுநாள் காலையில முதல் வேலையா டிக்கெட் போட்டேன். மே 20, திருக்குறள் எக்ஸ்பிரஸ். மக பெட்டியில முதல்ல வச்சது கேமராதான்.