இருவகை நீர்க்கதவுகள்

தோட்டத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரப்பர் மரத்திலிருந்தே தொடங்குகின்றனர். நாம் அதற்கு முந்திய நீர்வழிகளிலிருந்து தொடங்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சிலாங்கூரின் உள்நாட்டு வாணிகம் ஆறுகளின் வழியே நடைபெற்றது. ஈயம் படகேறிக் கழிமுகத்திற்கு வந்தது. அரிசியும் துணியும் அபினும் உள்நாட்டிற்குச் சென்றன. கழிமுகத்தை ஆண்டவரே சுங்கத்தையும் ஆண்டார். கோல சிலாங்கூரின் மலாவத்திக் குன்றை 1784இல் டச்சுக்காரர் கைப்பற்றியதும், 1871இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் அங்குள்ள கோட்டையைத் தாக்கியதும் அக்கழிமுகத்தின் மதிப்பை உணர்த்துகின்றன.

சிலாங்கூர் ஆற்றில் படகுகளுக்கென நீர்ப்பூட்டு எதுவும் இருந்ததில்லை. கடலோதம் ஏறுகையில் அவை உள்ளே சென்றன, வடிகையில் வெளியேறின.

நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த சென்னை மாகாணத்திலோ நிலை வேறு. சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806இல் அமைந்த கால்வாய் பின்னர் வடக்கே நீண்டது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாளரைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. கால்வாய் ஆளுநர் பக்கிங்காமின் பெயரைப் பெற்றது. அது ஆறுகளைக் கடக்குமிடங்களில் நீர்ப்பூட்டுகள் அமைந்தன. இரு கதவுகளுக்கிடையே படகை நிறுத்தி, நீர்மட்டத்தைச் சமன்செய்து, மறுபுறம் விடுவதே அவற்றின் முறை. உப்பும் விறகும் அவ்வழியே சென்னைக்கு வந்தன.

அந்நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்து பாய்மரக் கப்பல்களிலும், பின்னர் நீராவிக் கப்பல்களிலும் தமிழர் பினாங்கில் வந்திறங்கினர். சிலாங்கூரில் 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைத்த இரயில் பாதை, 1890களில் கோல குபு வரை நீண்டது. ஆற்று வாணிகம் தளர்ந்தது. கழிமுகத்தை ஒட்டிய சதுப்புநிலம் தோட்டமாயிற்று.

அந்நிலத்திலும் கதவுகள் எழுந்தன. ஆயினும் அவற்றின் பணி வேறு. கரைகட்டி, வடிகால் வெட்டி, அதன் வாயில் மதகு வைத்தனர். ஓதம் ஏறுகையில் மதகு உப்புநீரைத் தடுத்தது. வடிகையில் தோட்டத்து நீரை வெளியேற்றியது. நீர்ப்பூட்டு படகுக்காக நீரைத் தேக்கியது. மதகு பயிருக்காக நீரை விலக்கியது.

இவ்விரண்டிற்கும் பின்னால் நிற்பது மண்வெட்டி பிடித்த கைகளே. கரையும் வடிகாலும் இன்றி இக்கடலோரத்தில் இரப்பர் வேரூன்றியிராது. ஆயினும் அவற்றை அமைத்தவர்களின் பெயர்கள் ஏடுகளில் அரிதாகவே உள்ளன. தோட்டங்கள் கைமாறி, லயங்கள் மறைந்துவரும் இந்நாளில், மதகுகளின் இருப்பிடங்களையும் அவற்றைக் காத்தவர்களின் நினைவுகளையும் முதியோரிடம் கேட்டுப் பதிவுசெய்வது நம் கடமையாகும்.