இடுப்பு இறுக்கத்தால் வரும் வயிற்று வலி

பாவாடை நாடா, பெல்ட், இறுக்கமான ஜீன்ஸ், எலாஸ்டிக் பட்டி போன்றவை இடுப்பை நெடுநேரம் அழுத்துவதால் அடிவயிற்றிலும் விலாவுக்குக் கீழேயும் வரும் இலேசான வலி, கனம், உப்புசம், எரிச்சல் ஆகியவை இத்தலைப்பில் அடங்கும். இது தனி நோயன்று. கட்டைத் தளர்த்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காத வலிக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

அமெரிக்க மருத்துவர் ஆக்டேவியோ பெஸ்ஸா 1993-ல் இதை ‘இறுக்கக் கால்சட்டை நோய்க்குறி’ என்று பெயரிட்டு எழுதினார். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து வயிறு கனத்து, நெஞ்சு எரிந்து வந்தவர்களின் இடுப்பளவு அவர்கள் போட்டிருந்த கால்சட்டையின் அளவைவிடப் பெரிதாக இருந்ததை அவர் கவனித்தார். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைப் பொறுத்தவரை ஜீன்ஸைவிடப் பாவாடை நாடாவைப் பற்றிப் பேசுவதே பொருந்தும்.

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அரியலூரின் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை வட்டாரங்களில் முந்திரி. களை எடுப்பு, பருத்தி எடுப்பு, வெங்காயத்தில் தாள் அறுப்பு எல்லாம் குனிந்தோ குந்தியோ செய்கிற வேலைகள். பெரும்பாலும் பெண்களின் வேலைகள். நாடா இளகினால் புடவைக் கொசுவம் சரியும். அதனால் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு, மூச்சை உள்ளிழுத்து, இழுத்து முடிச்சுப் போடுகிறார்கள். பிறகு கஞ்சியோ சோறோ உள்ளே போகிறது, வயிறு உப்புகிறது, நாடா அதே அளவில் நிற்கிறது. குந்தி உட்காரும்போது வயிற்று மடிப்புக்குள் அது இன்னும் ஆழமாகப் பதியும். பருத்தி எடுப்பவர் முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டால், சேரும் பஞ்சின் பாரம் முழுவதையும் அதே இடுப்புக்கட்டுதான் தாங்குகிறது. சுருக்குப் பையும் கைபேசியும் செருகப்படுவதும் அங்கேதான். சாயங்காலம் நாடாவை அவிழ்த்தால் அரை விரல்கடை அகலத்தில் சிவந்த பள்ளம் தெரியும். முடிச்சு இருந்த இடத்தில் தொட்டாலே வலிக்கும்.

அழுத்தம் உள்ளேயும் வேலை செய்கிறது. வயிற்றறையின் அழுத்தம் கூடும்போது இரைப்பையிலுள்ள அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறும். நலமாயிருந்த தன்னார்வலர்கள் இடுப்பில் பெல்ட் கட்டியபோது இரைப்பையும் உணவுக்குழாயும் சேருமிடம் மேல்நோக்கி நகர்வதையும், அமிலம் அங்கே சற்று ஏறுவதையும் 2014-ல் வெளியான கிளாஸ்கோ ஆய்வொன்று காட்டியது. இன்னொரு வழி நரம்பு. இடுப்பு எலும்பின் முன்முனையருகே செல்லும் தோல் நரம்பு நசுங்கினால் தொடையின் வெளிப்புறம் மரத்து, சுருக்சுருக்கென்று எரியும். வயிற்றில் ஒன்றுமில்லாமல் தொடையில் எரிகிறதே என்று குழம்புகிறவர்கள் பெல்ட்டைப் பார்ப்பதில்லை.

வலி வயிற்றுச் சுவரிலா, உள்ளுறுப்பிலா என்று அறிய ஒரு பழைய சோதனை உண்டு. பிலடெல்பியா அறுவை மருத்துவர் கார்னெட் 1926-ல் எழுதியது. மல்லாந்து படுத்து, வலிக்கும் இடத்தில் விரலை வைத்து, தலையையும் தோளையும் சற்றுத் தூக்கி வயிற்றை இறுக்க வேண்டும். வலி அப்படியே இருந்தாலோ கூடினாலோ சுவரிலுள்ள தசை அல்லது நரம்பின் வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். குறைந்தால் உள்ளே தேட வேண்டும். மருத்துவருக்குத் துணையாகும் சோதனைதான் இது, முடிந்த தீர்ப்பாகாது.

நிவாரணம் எளிது, ஆனாலும் ஆட்கள் அதைக் கடைசியாகத்தான் செய்கிறார்கள். மருந்துக்கடையில் ‘கேஸ் மாத்திரை’ வாங்கி விழுங்குகிறார்கள், முடிச்சு அப்படியே இருக்கிறது. முதலில் நாடாவை அவிழ்க்க வேண்டும். நெஞ்செரிச்சலும் ஏப்பமும் இருந்தால் படுக்காமல் நிமிர்ந்து உட்காரலாம், மெல்ல நடக்கலாம். வெறும் தசை வலியென்றால் ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுத்தால் வயிறு தளரும். தோல் உரியாத இடத்தில் வெந்நீரில் பிழிந்த துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். சீரகத் தண்ணீர் குடிப்பதில் கெடுதல் இல்லை. குடலேற்றம் எடுக்கிறேன் என்று வயிற்றை எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவதுதான் கூடாது. வலி குடல்வாலிலிருந்து வந்ததாக இருந்தால் அது ஆபத்தில் முடியும். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டால் இரைப்பை மேலும் புண்ணாகும்.

நாடாவைத் தளர்த்து என்று வயலில் நிற்பவரிடம் சொல்வது சுலபம், புடவை நிற்க வேண்டுமே. ஆகவே துணியை மாற்றுவதே நிலைத்த வழி. கயிறு போன்ற நாடாவுக்குப் பதில் இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துத் தைத்தால் அழுத்தம் பரவும். உள்ளூர்த் தையல்காரரே செய்துவிடுவார். முடிச்சை நின்றபடி போடாமல் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, இரண்டு விரல் நுழைகிறதா என்று சோதித்துப் போடலாம். கட்டும் உயரத்தையும் முடிச்சு விழும் பக்கத்தையும் நாளுக்கு நாள் மாற்றலாம். பருத்தியை மடியில் சேர்க்காமல் தோளில் மாட்டும் பையில் சேர்த்தால் பாரம் இடுப்பை விட்டுப் போகும். சிசேரியன் தழும்பு உள்ளவர்கள் தழும்பின் மேலேயே நாடா விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொப்பை விழுந்த ஆண்களுக்கு பெல்ட்டின் அடுத்த துளைதான் மருந்து. குழந்தைகளின் அரைஞாண் கயிற்றை உடல் வளர வளரத் தளர்த்திக் கட்ட வேண்டும், பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பல ஆண்டு இறுக்கத்தில் இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்துக் காய்த்துப்போகும். வியர்வையும் சேர்ந்தால் படர்தாமரை வரும். அதற்குக் கடையில் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு, அரிப்பை இரண்டு நாள் அடக்கி நோயைப் பரப்பிவிடும்.

இடுப்பின் ஒரு பக்கம் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டாமல், பட்டையாக எரிந்தால் அக்கியை நினைக்க வேண்டும். கொப்புளம் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே எரிச்சல் தொடங்கும் என்பதால் நாடா உரசல் என்றே பலர் இருந்துவிடுகிறார்கள். கொப்புளம் தெரிந்ததும் மண்பாண்டம் செய்பவரிடம் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. காவி குளிர்ச்சி தரலாம், அக்கிக்குக் காரணமான வைரஸைத் தடுக்காது. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன்.

அரிதாக, நாடா உரசிய இடத்தில் ஆறாத புண் புற்றாக மாறுவதும் உண்டு. பம்பாயில் கானோல்கரும் சூர்யாபாயும் 1945-லேயே இடுப்புக்கட்டால் வரும் இத்தகைய தோல் புற்றை எழுதினார்கள். ‘புடவைப் புற்று’ என்ற பெயர் பின்னாளில் வந்தது. 2024-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்று மகாராஷ்டிர, பீகார் மருத்துவர்கள் பார்த்த இரு மூதாட்டிகளின் கதையை வெளியிட்டது. ஒருவருக்குப் புண் 18 மாதம் ஆறாமல் இருந்தது. நாடா கட்டும் எல்லாரும் அஞ்ச வேண்டிய நோயன்று இது. ஆனால் மூன்று வாரம் தாண்டியும் ஆறாத, ஓரம் தடித்த, கசியும் புண்ணைக் களிம்பு பூசிக்கொண்டே வைத்திருக்கக் கூடாது. சதைத் துணுக்கெடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அதற்கு முன்போல் திருச்சி, தஞ்சாவூர் போக வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

கட்டை அவிழ்த்த பிறகும் வலது அடிவயிறு வலித்தாலோ, காய்ச்சல், தொடர் வாந்தி, கறுத்த மலம் இருந்தாலோ, இருமும்போது புடைப்பு எழுந்து உள்ளே போகாமல் வலித்தாலோ, கர்ப்பிணிக்கு வயிறு இறுகி இறுகி வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேல்வயிற்று வலியோடு வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கி, தோளோ தாடையோ இழுத்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். வாயுப் பிடிப்பு என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.