கடைசி பெஞ்சில் ஒரு வாத்தியார்

ஏழாங்கிளாஸ் படிக்கும்போது ஒருநாள் எங்க கணக்கு டீச்சர் கையில் சாக்பீஸ் நடுங்குவதைப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் டி.இ.ஓ. உட்கார்ந்திருந்தார். அன்னைக்கு நடந்த பின்னப் பாடம் எங்களுக்குப் புதுசு இல்லை, முந்தின நாளே ரிகர்சல் ஆகியிருந்தது. யாரிடம் எந்தக் கேள்வி, என்ன பதில் எல்லாம் பேசி வெச்சதுதான். நானும் என் பதிலை ஒப்பிச்சேன். எனக்கு ஒண்ணுமே புரியலைங்கறது வேற விஷயம் :-) டி.இ.ஓ. நோட்டில் ஏதோ எழுதிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

வகுப்பை இன்னொருத்தர் வந்து பார்ப்பது என்றாலே நமக்கு ஞாபகம் வருவது இந்த இன்ஸ்பெக்‌ஷன்தான். இந்தப் பயத்துக்கு வயசு அதிகம். 1862-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைப் பரீட்சை வைப்பார், பையன் தேறலைன்னா பள்ளிக்கு வரும் மானியம் குறையும். மெட்ராஸ் ராஜதானியிலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே மாதிரி தேர்ச்சியைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை இருந்தது. பார்க்க வர்றவர் கையில் உங்க சம்பளம் இருந்தா, நடுங்காம என்ன செய்யும்?

கிட்டத்தட்ட அதே காலத்தில் ஜப்பானில் கதை வேற மாதிரி ஆரம்பிச்சது. 1872-இல் மெய்ஜி அரசு நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் என்று அறிவித்தது. அதுவரை அங்கே தெராகோயா என்ற திண்ணைப் பள்ளிகள்தான், ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியா எழுதிப் பழகும். நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்துக் கரும்பலகையில் ஒரே பாடம் நடத்துவது எப்படின்னு யாருக்கும் தெரியாது. அதே 1872-இல் டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்து, மரியன் ஸ்காட் என்ற அமெரிக்கரை வேலைக்கு வைத்தார்கள். அவர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு பாடம் நடத்த, பயிற்சிக்கு வந்தவங்க பார்த்துக் கத்துக்கிட்டாங்க. ஆக, பார்ப்பதுதான் படிப்பு! பார்த்தவங்கதான் மாணவர்கள்.

ஆரம்பத்தில் இது மேலே இருந்து வந்த முறையைக் காப்பியடிக்கும் வேலையாத்தான் இருந்தது. போகப்போக வாத்தியார்கள் அதைத் தங்களுடையதா ஆக்கிக்கிட்டாங்க. பேர் 'ஜுக்யோ கென்க்யூ', அதாவது பாட ஆராய்ச்சி. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டம் போடுவார்கள். ஒருத்தர் நடத்துவார், மத்தவங்க ஓரமா நின்னு குறிப்பெடுப்பார்கள். அப்புறம் உட்கார்ந்து பேச்சு. நடத்தினவர்தான் முதலில் பேசுவார்.

ஒரு பாடத்துக்கு இவ்வளவு அலட்டலான்னு தோணும். ஒண்ணாங்கிளாஸ் கழித்தலை எடுத்துக்குங்க. 11-இல் 2 என்று கொடுத்தால் குழந்தை விரலை மடக்கி எண்ணிடும். 13-இல் 9 என்றால் எண்ணி மாளாது. 10-இல் 9 போனால் 1, மிச்சம் இருக்கும் 3-ஐச் சேர்த்தால் 4 என்று யோசிக்க வழி இருக்கு. எந்த எண் கொடுக்கிறோமோ அதுதான் குழந்தையின் மூளை போகும் பாதை. அது வேலை செய்யுதான்னு பார்க்கணும்னா கரும்பலகையைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, குழந்தையோட நோட்டைப் பார்க்கணும்.

சூட்சுமம் இதுதான். அங்கே வந்து நிற்பவர் கண் வாத்தியார் மேல் இல்லை, பிள்ளைகள் மேல். பாடம் எல்லாரும் சேர்ந்து போட்டது, அதனால் சொதப்பினாலும் பழி ஒருத்தர் தலையில் விழாது. கோட் ரிவ்யூவில் கோடைத்தான் திட்டணும், எழுதினவனைத் திட்டக்கூடாதுன்னு எங்க பொழப்பில் சொல்லுவாங்களே, அதே சங்கதி.

உலகம் இதைக் கவனிக்க ரொம்ப நாள் ஆச்சு. 1990-களின் நடுவில் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்று நாடுகளிலும் 231 எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை வீடியோ எடுத்து ஆராய்ந்தார்கள். அதை வைத்து ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் 1999-இல் எழுதிய புத்தகம்தான் இந்த ஜப்பானிய முறையை அமெரிக்காவில் பிரபலமாக்கியது.

அமெரிக்காவிலேயே ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980-களில் சக ஆசிரியர் பயிற்சியைப் பரப்பினவர்கள். 1996-இல் அவங்க ஒரு விஷயத்தைத் தூக்கிட்டாங்க: பார்த்துட்டு வந்து அறிவுரை சொல்வதை! நடத்துபவர்தான் பயிற்சியாளர், பார்ப்பவர்தான் கத்துக்கிறவர்னு எழுதினாங்க. 1872 டோக்கியோ வகுப்பறைக்கே சுத்தி வந்த மாதிரி இல்லை?

அன்னைக்கு அந்தக் கடைசி பெஞ்சில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஒருத்தர் உட்கார்ந்து, எங்க டீச்சரைப் பார்க்காம என் நோட்டை எட்டிப் பார்த்திருந்தா போதும். இந்தப் பையனுக்குப் பின்னம் புரியலைன்னு ரெண்டு நிமிஷத்தில் தெரிஞ்சிருக்கும். டீச்சர் கையும் நடுங்கியிருக்காது.

உங்க பள்ளிக்கூட இன்ஸ்பெக்‌ஷன் கதைகள் இருந்தா பின்னூட்டத்தில் அவிழ்த்து விடுங்க. வாத்தியார் வேலையில் இருக்கிற மக்கள் கண்டிப்பா சொல்லணும்.