நெல்லுக்கு முன்னே இடம்

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. 1600-க்கும் 1634-க்கும் இடையில் கட்டியது; 36 அடி உயரம், 3,000 கலம் நெல் கொள்ளும். பார்ப்பவர்கள் கொள்ளளவைத்தான் வியக்கிறார்கள். நெல் வந்து சேரும் முன்பே அதற்கான இடத்தை யோசித்துவைத்த முறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கொட்டிய நெல் சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். வட்டச் சுவர் அந்த அழுத்தத்தைச் சுற்றிலும் வாங்கிக்கொள்ளும். மூலை இல்லாததால் பூச்சி பதுங்க முடுக்கு குறைவு. கூம்பிய கூரையில் மழைநீர் தங்காது. வீட்டுப் பத்தாயத்திலும் இதே அக்கறைதான்: தரையீரம் ஏறாதபடி உயர்த்தி நிறுத்துவார்கள், மேலே கொட்டிக் கீழ்வாய் வழியாக எடுப்பார்கள். வைக்கோல் பிரி சுற்றி நெல் சேமிக்கும் சேர் கட்டும்போதும் முதல் வேலை அடியை மேடாக்கி வைக்கோல் பரப்புவது.

இன்று ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் ரேக் நிறுத்த வருபவரும் சாமானை இறக்கும் முன் இடத்தைத்தான் பார்க்கிறார். தரை எடை தாங்குமா, மழைக்காலத்தில் தண்ணீர் ஏறுமா, எர்த் சரியாக இருக்கிறதா, முன்னும் பின்னும் காற்று போய்வர இடைவெளி உண்டா, ஒயரைக் கடிக்க எலி வருமா? கருவி தானே சூட்டைக் கக்கும், நெல் சும்மா கிடக்கும், இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். ஆனால் ஈர நெல் சும்மா கிடப்பதில்லை. அது சுவாசிக்கிறது, சுவாசத்தில் வெப்பமும் நீராவியும் வெளியாகின்றன. வெளியேற வழியில்லாவிட்டால் குவியலின் நடுப்பகுதி சூடேறி, அரிசி பழுப்பேறி, பூஞ்சை பிடிக்கும். சர்வர் அறைக்கு 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை வெப்பநிலை பரிந்துரைக்கப்படுவதும், நெல்லை நெடுநாள் வைக்க ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதும் உள்ளே பிறக்கும் வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாடுகளே.

பழைய ஏற்பாடு சம்பாவுக்குப் பொருந்தியது. தை, மாசியில் அறுவடை. வெயில் காயும், களம் உலரும். 1934-இல் மேட்டூர் அணை வந்தது, குறுவை பெருகியது. 1960-களின் தொடக்கத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தஞ்சாவூர் தேர்வானது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏடிடீ 27 நெல் ரகம் வயலுக்கு வந்தது. விதை, உரம், கடன், தண்ணீர் எல்லாவற்றுக்கும் திட்டம் இருந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் அறுபடும் குறுவை நெல்லை எங்கே, எதன்மேல் வைப்பது என்பது பின்னால் வந்த கேள்வி. 1967-இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி தொடங்கியது இந்த ஈர நெல்லுக்காகத்தான். மைசூர் உணவு ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்ரமணியன் அதை முன்னின்று நடத்தினார். அந்த ஆய்வுக்கூடம் பின்னாளில் தஞ்சாவூருக்கு மாறி, இன்று நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இயங்குகிறது. விளைச்சலைப் பெருக்கிய பிறகு இடத்தைத் தேடியதுதான் நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

களஞ்சியமும் பத்தாயமும் கோயிலுக்கும் மிராசுதாருக்கும்தானே இருந்தன, பண்ணையாளுக்கு என்ன இருந்தது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்ட மண் இது. பழைய உடைமை முறையைப் புகழ இங்கே ஒன்றுமில்லை. ஆனால் பிரி முறுக்கியதும், பலகை இழைத்ததும், களம் மெழுகியதும் உழைத்தவர்களின் கைதான். அந்த அறிவு அவர்களுடையது. 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவாகி, கொள்முதல் பொதுப் பொறுப்பான பிறகு, அந்த அறிவின் பயன் சிறு விவசாயிக்கும் கிடைத்திருக்க வேண்டும். நடப்பது வேறு. ஐப்பசி மழையில் பல நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் நனைந்து முளைவிடுகின்றன. கொள்முதலுக்கான 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தும்படி டெல்லிக்குக் கோரிக்கை போகிறது. தளர்வு கிடைத்தால் விவசாயிக்குப் பணம் கிடைக்கும், அது அவசியம்தான். ஆனால் நெல்லின் ஈரம் குறையாது. குறுவை நாற்று விடும்போதே, ஒவ்வொரு நிலையத்துக்கும் உயர்ந்த மேடை, கூரை, வடிகால், உலர்த்தி இயந்திரம் தயாரா என்று கணக்குப் பார்ப்பதுதான் முதலில் ஆகவேண்டிய வேலை.